எந்தக் குடி, எந்த இனம்: கிழக்கில் ஒரு குடும்பத்தை எழுதிவைக்கும் முறை

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் ஒருவரிடம் "நீங்கள் யார்?" என்று கேட்டால், வரும் பதில் கேட்கிற இடத்தைப் பொறுத்தது. கோயில் வீதியில் குடியை, அதாவது தன் தாய்வழிக் கிளையைச் சொல்வார். பிரதேச செயலகத்தில் இனத்தைச் சொல்வார். கொழும்பில் ஊரைச் சொல்வார். மூன்றும் உண்மைதான். ஆனால் மூன்றும் ஒரே வழியில் வந்து சேர்ந்தவை அல்ல. குடி தாயிடமிருந்து வருகிறது. பெயரின் முதலெழுத்தும் பத்திரத்திலுள்ள இனமும் பெரும்பாலும் தகப்பனிடமிருந்து வருகின்றன. வீட்டில் பேசும் மொழி வளர்ந்த வளவிலிருந்து வருகிறது.

இதை மனதில் வைக்காமல் குடும்ப வரலாறு எழுதத் தொடங்குபவர்கள் இரண்டாம் தலைமுறையிலேயே சிக்கிக்கொள்கிறார்கள். இப்போது வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் அலைபேசிச் செயலிகளில் வம்ச மரம் போடுகிறார்கள். அந்தச் செயலிகள் பெரும்பாலும் குடும்பப் பெயர் தகப்பன்வழியில் இறங்கும் சமூகங்களுக்காகச் செய்யப்பட்டவை. நம்முடைய ஆட்களை அதில் போட்டால் அம்மம்மாவின் தாய் யார் என்ற கேள்வி ஓரத்துக்குப் போய்விடும். கிழக்கில் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான்.

குடியிலிருந்து தொடங்குவோம். விதி எளிது: தாயின் குடி பிள்ளையின் குடி. ஆண் தன் குடியைத் தன் பிள்ளைக்குக் கொடுக்க முடியாது. உங்கள் குடியில் இருப்பவர்கள் உங்கள் தாய், தாயின் சகோதர சகோதரிகள், பெரியம்மா சின்னம்மாவின் பிள்ளைகள், உங்கள் சகோதரியின் பிள்ளைகள். உங்கள் தகப்பன் அதில் இல்லை. மாமாவின் பிள்ளைகள் இல்லை, அவர்கள் மாமியின் குடி. நீங்கள் ஆணாக இருந்தால் உங்கள் சொந்தப் பிள்ளைகளும் இல்லை. ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை என்பதால், மாமன் மகளை முடிக்கலாம், பெரியம்மா மகளை முடிக்க முடியாது என்ற வழக்கம் இந்தக் கணக்கோடு பொருந்திவிடுகிறது. ஆனால் குடி மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை. பெரியப்பா மகள் வேறு குடியாக இருந்தாலும் உறவுமுறையில் தங்கச்சிதான். கலியாணப் பேச்சில் குடியையும் முறையையும் இரண்டையும் பார்ப்பது அதனால்தான்.

முக்குவருக்குள் வில்லவர், பணிக்கனார், சட்டிலான், தனஞ்சயன், மாளவன், சங்குபயத்தன், கச்சிலான் என்று ஏழு குடிகளைப் பழைய பாடல் மரபு சொல்கிறது. காலிங்கா குடி, உலகிப்போடி குடி, படையாண்ட குடி என்று இன்னும் பல பெயர்கள் ஊருக்கு ஊர் உண்டு. வேளாளர், சீர்பாதர், கரையார் என்று மற்றச் சாதிகளுக்குள்ளும் குடிகள் உண்டு. ஆகவே குடிப் பெயரை மட்டும் எழுதினால் போதாது. எந்த ஊரில், எந்தக் கோயிலில் அந்தக் குடிக்கு உரிமை என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். இல்லாவிட்டால் ஐம்பது வருடம் கழித்துப் பார்ப்பவர் இரண்டு ஊர்க் குடிகளை ஒன்றென்று நினைத்துவிடுவார்.

குடியைக் கண்டுபிடிக்க நேரே "என்ன குடி?" என்று கேட்பது நல்ல வழியல்ல. பல வீடுகளில் அந்தக் கேள்வி சாதியைக் கேட்பதாகவே காதில் விழும். ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவரிடம் அது பழைய அவமானத்தைக் கிளறும். அந்தக் காயம் உண்மையானது. எழுதுகிறவரின் ஆர்வத்துக்காக யாரும் அதைத் தாங்க வேண்டியதில்லை. சுற்றிவந்து கேட்டால் தகவலும் நன்றாக வரும். திருவிழாவில் எங்கள் பகுதிக்கு எந்த நாள் பூசை? வண்ணக்கராக (கோயில் நிருவாகியாக) இருந்தவர் யாரும் நம் ஆட்களில் உண்டா? கோயிலில் யாருக்குப் பின் யாருக்கு மரியாதை கொடுத்தார்கள்? இந்த மூன்றுக்கும் வயதான பெத்தா (பாட்டி) ஒருவர் பதில் சொல்லத் தொடங்கினால் குடி தானாக வெளியே வரும். கொக்கட்டிச்சோலை, மண்டூர், திருக்கோவில் போன்ற தேசத்துக் கோயில்களின் உரிமைகள் குடிகளுக்கும் சாதிகளுக்கும் பிரித்துக் கொடுக்கப்பட்டவை என்பதால், கோயில் ஞாபகம் இருக்கிற இடத்தில் குடி ஞாபகமும் இருக்கும்.

இன்னொரு சான்று, பலர் கவனிக்காதது, உறவுச் சொற்கள். தூரத்து ஊரிலிருந்து வரும் ஒரு மூதாட்டியை வீட்டிலுள்ள எல்லாரும் "பெரியம்மா" என்கிறார்கள், ஆனால் என்ன சொந்தம் என்று யாருக்கும் தெரியாது. அப்படியானால் அவர் உங்கள் தாயின் குடியைச் சேர்ந்தவராக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரே குடியில் தாய்க்குச் சமமான தலைமுறைப் பெண் பெரியம்மா அல்லது சின்னம்மா. மாற்றுக் குடியில் கொள்வினை கொடுப்பினை உள்ளவர் மாமி. எனவே பெயரை எழுதும்போது, அவரை யார் என்ன முறை சொல்லி அழைத்தார்கள் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். பெயர் மறந்த தலைமுறைகளில் அந்தச் சொல்தான் மிஞ்சியிருக்கும் சாட்சி.

வண்ணக்கர் பட்டியல் கிடைத்தால் அதையும் இதே கண்ணால் வாசிக்க வேண்டும். தகப்பன், மகன், பேரன் என்று பார்த்தால் பதவி ஒவ்வொரு தலைமுறையிலும் கைமாறியதாகத் தோன்றும், சண்டை நடந்து பறித்துக்கொண்டார்கள் போலக்கூட இருக்கும். மாமன், மருமகன் என்று பார்த்தால் கோடு அறாமல் வரும். குடிக்குரிய பதவி மகனுக்குப் போனால் வேறு குடிக்குப் போய்விடும். அதனால்தான் சகோதரியின் மகன். இதை அறியாமல் எழுதப்பட்ட ஊர் வரலாறுகளில் இல்லாத வழக்குகளும் வம்புகளும் முளைத்திருக்கின்றன.

இனி பத்திரங்கள். பிறப்புச் சான்றிதழை எடுத்து மேசையில் விரித்துப் பாருங்கள். நம்மில் பெரும்பாலோர் கையிலிருக்கும் பழைய படிவத்தில் பிறந்த திகதியும் இடமும், பெயர், பால் என்ற கட்டங்களுக்குப் பிறகு தகப்பனுக்கு ஒரு கட்டமும் தாய்க்கு ஒரு கட்டமும் உண்டு. ஒவ்வொன்றிலும் முழுப்பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம், இனம். பிள்ளைக்கென்று தனியாக இனம் எழுதும் இடம் இல்லை. பிள்ளையின் இனம் என்று நாம் சொல்வது, தகப்பனின் கட்டத்தை வாசித்து நாமாக எடுத்துக்கொள்வது.

அதற்குக் கீழே பாட்டன் இலங்கையில் பிறந்தவராயின் அவரின் பெயர், பிறந்த ஆண்டு, இடம் என்று ஒரு கட்டமும், பூட்டனுக்கு இன்னொன்றும் வரும். அநேக குடும்பங்களில் இவற்றை நிரப்புவதை ஒரு சடங்காகவே எண்ணுகிறார்கள். இவை 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தின் தடம். அந்தச் சட்டம் வம்சாவளிப் பிரஜையாக ஒருவரை ஏற்க, தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இருவரும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது. மணவாழ்வுக்கு வெளியே பிறந்த பிள்ளையைத் தவிர, தாய்வழி கணக்கில் இல்லை. மலையகத் தமிழர் லட்சக்கணக்கானோர் நாடற்றவர்களானது இந்தக் கட்டங்களை நிரப்ப முடியாமல்தான். 2003ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தம் வரும்வரை மணமுடித்த இலங்கைத் தாய் தன் குடியுரிமையைப் பிள்ளைக்குக் கொடுக்க முடியாமல் இருந்தது. குடியைத் தாய் கொடுக்கிற ஒரு மண்ணில், குடியுரிமையைத் தாய் கொடுக்க முடியாத ஒரு சட்டம் அரை நூற்றாண்டுக்கு மேல் நடந்திருக்கிறது.

இதற்கும் முந்திய அடி 1876இல் விழுந்தது. அதுவரை மட்டக்களப்பில் சொத்துரிமையைத் தாய்வழியில் வைத்திருந்த முக்குவர் சட்டம், அந்த ஆண்டின் விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தோடு வலுவிழந்தது. அதே கட்டளைச் சட்டத்தில் இன்னொரு பிரிவு உண்டு: வேறு இனத்து ஆணை முடிக்கும் பெண், அந்தச் சட்டத்தின் நோக்கங்களுக்கு, கணவனின் இனத்தவளாகவே கொள்ளப்படுவாள். இனம் என்பது பிறப்போடு ஒட்டி வரும், மாறவே மாறாத ஒன்று என்று நம்புகிறவர்கள் இந்தப் பிரிவை ஒருமுறை யோசிக்க வேண்டும். ஒரு கையொப்பத்தில் பெண்ணின் இனம் மாறியது. விதவையாகி மறுமணம் செய்தால் மறுபடியும் மாறியது.

சட்டத்தில் "தமிழர்" என்பதும் ஒரே மாதிரியானதல்ல. யாழ்ப்பாணத் தமிழருக்குத் தேசவழமை என்ற தனிச் சட்டம் இருக்கிறது. மட்டக்களப்புத் தமிழருக்கு அது பொருந்தாது, நாட்டின் பொதுச் சட்டம்தான். முஸ்லிம்களுக்கு 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் வழியுரிமைக் கட்டளைச் சட்டமும் 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமும். சொத்துப் பிரிக்கிற நாளில் இந்த வேறுபாடு இனம் என்ற கட்டத்தைவிடக் கனமாக இறங்கும்.

சான்றிதழ் தேடும்போது வழக்கமாகப் பிழைப்பது இடத்தில்தான். அம்பாறை தனி மாவட்டமானது 1961இல். அதற்கு முன் கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, பொத்துவில் எல்லாம் மட்டக்களப்பு மாவட்டம். எனவே அம்மம்மா பிறந்த ஊர் அக்கரைப்பற்று என்றால், அவருடைய பத்திரத்தில் மட்டக்களப்பு மாவட்டம் என்றுதான் இருக்கும். அதைப் பார்த்து "அம்மம்மா மட்டக்களப்பாள்" என்று மரத்தில் எழுதிவிடாதீர்கள். பிறகு அக்கரைப்பற்றும் ஆலையடிவேம்பும் வெவ்வேறு பிரதேச செயலகங்களாகப் பிரிந்தன, முன்னது முஸ்லிம் பக்கம், பின்னது தமிழர் பக்கம். பழைய பதிவுப் பிரிவுகளுக்கும் இன்றைய எல்லைகளுக்கும் பொருத்தம் இருக்காது. தேடுவதற்கு முன் பிறந்த ஆண்டில் அந்தக் கிராமம் எந்தப் பிறப்புப் பதிவாளர் பிரிவில் இருந்தது என்று கேட்டுக்கொள்வது பாதி வேலையை முடித்துவிடும். பதிவு இலக்கம் தெரிந்தால் உடனே எடுக்கலாம். தெரியாவிட்டால் ஆண்டை ஊகித்துத் தேடுவிக்க வேண்டும். வயதானவர்கள் ஆண்டைச் சொல்ல மாட்டார்கள், "சூறாவளிக்கு முந்தின மாரி" என்பார்கள். சூறாவளி 1978 நவம்பர் 23. அதை வைத்து எண்ணிக்கொள்ளலாம்.

அந்தச் சூறாவளியிலும், 1990இன் இடப்பெயர்விலும், 2004 சுனாமியிலும் வீட்டிலிருந்த பத்திரங்களை இழந்தவர்கள் ஏராளம். இழந்தது வீட்டுப் பிரதியாக இருந்தால் பதிவேட்டிலிருந்து மறுபடி எடுக்கலாம். பிறப்பே பதியப்படாதவருக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் கொடுப்பார்கள். அதிலிருக்கும் விவரங்களை வம்ச ஆதாரமாக அப்படியே நம்பக்கூடாது. பின்னாளில், தேவைக்காக, ஒருவர் வாய்மொழியாகச் சொல்லி எழுதியவை அவை.

தாய்வழியைத் தேட நான் மிகவும் நம்பும் ஆவணம் காணி உறுதி. கிழக்கில் தமிழர் வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும் வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகப் போகும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். தாய் தன் வளவைப் பிரித்து மூத்த மகளுக்கு முன்பாதி, இளையவளுக்குப் பின்பாதி என்று எழுதிக்கொடுப்பார். அதனால் ஒரு வளவின் உறுதியைப் பின்னோக்கிப் பிடித்தால் மகள், தாய், அம்மம்மா, பூட்டி என்று பெண்களின் வரிசை கிடைக்கும். குடிக்கு அரசாங்கப் படிவத்தில் கட்டம் இல்லை. ஆனால் குடி நகர்ந்த பாதை நொத்தாரிசு எழுதிய உறுதிகளில் அப்படியே இருக்கிறது.

உறுதியில் பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று. முதலாவது, கொடுப்பவருக்கு அந்தக் காணி எப்படி வந்தது என்று சொல்லும் வாசகம். அங்கே முந்திய உறுதியின் இலக்கமும் திகதியும் நொத்தாரிசின் பெயரும் இருக்கும். அதைப் பிடித்துக் காணிப் பதிவகத்தில் ஒரு படி மேலே ஏறலாம். இரண்டாவது, கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் உள்ள உறவு, "எனது அன்புக்குரிய மகள்" என்பது போல வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கும். மூன்றாவது, நாற்புற எல்லைகள். வடக்கே இன்னாளின் வளவு, கிழக்கே இன்னாளின் வளவு என்று வரும் பெயர்கள் பெரும்பாலும் சகோதரிகள், சின்னம்மாக்கள். நான்கு எல்லையையும் பென்சிலால் ஒரு சதுரமாக வரைந்து பெயர்களைப் போடுங்கள். இரண்டு மூன்று உறுதிகளுக்குச் செய்தால் ஒரு குடியின் பெண்கள் ஒரே ஒழுங்கையில் வரிசையாக இருந்தது கண்ணுக்குத் தெரியும். பிழைக்கிற இடம்: வயற்காணி. வயல் ஆண்பிள்ளைக்கும் போகும், விற்கப்படும், ஈடு வைக்கப்படும். தாய்வழியைத் தேடுகிறவர் வயல் உறுதியை விட்டுவிட்டு வீட்டு வளவின் உறுதியையே பிடிக்க வேண்டும்.

இனம் என்ற கட்டத்துக்கு வருகிறேன். குடிசன மதிப்பீட்டில் இலங்கைத் தமிழரும் இந்தியத் தமிழரும் தனித்தனியே எண்ணப்பட்டது 1911இலிருந்து. 2012 மதிப்பீட்டின் பட்டியல் சிங்களவர், இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர், இலங்கைச் சோனகர், பறங்கியர், மலாயர், இலங்கைச் செட்டி, பரதர், ஏனையோர் என்று போனது. அதன்படி மட்டக்களப்பு மாவட்டத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு 73 பேர் தமிழர், 25 பேர் சோனகர். அம்பாறையில் சோனகர் 43, சிங்களவர் 39, தமிழர் 17 அளவில். மட்டக்களப்பு மாவட்டத்துக் கல்லாற்றில் பெரும்பான்மையாக இருக்கும் தமிழர் பெரியநீலாவணையில் மாவட்ட எல்லையைத் தாண்டியதும் சிறுபான்மை. மொழியும் குடியும் கோயிலும் மாறவில்லை. எண்ணிக்கைக்கான சட்டகம் மாறியது, அதோடு அவருடைய அரசியலும் பயமும் மாறின.

எண்ணுபவர் வீட்டுக்கு வரும்போது வீட்டுத் தலைவர் சொல்வதை எழுதுகிறார். பெயரைக் கேட்டதும் இனத்தைக் கேட்காமலே நிரப்பிக்கொள்வதும் நடக்கும். அந்த இடத்தில் தயங்காமல் "அதை நான் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். மலையகத்திலிருந்து 1958, 1977 வன்செயல்களுக்குப் பின் கிழக்குக்கு வந்த குடும்பங்களில் பலர் இன்று இலங்கைத் தமிழர் என்றே பதியப்பட்டிருக்கிறார்கள். சிலர் விரும்பி, சிலர் பாதுகாப்புக்காக, சிலர் கேட்கப்படாமலே. வாகரைப் பக்கம் பனிச்சங்கேணி, மாங்கேணி, குஞ்சங்குளம் ஊர்களில் வாழும் கரையோர வேடர்கள் தமிழ் பேசுகிறவர்கள், அவர்களுக்கென்று வழிபாடும் முன்னோர் நினைவும் இருக்கின்றன. 2012 பட்டியலில் அவர்களுக்குக் கட்டம் இல்லை, பெரும்பாலோர் தமிழருக்குள் எண்ணப்பட்டார்கள். ஆலையடிவேம்புப் பிரதேசத்தின் அளிக்கம்பையில் வனக்குறவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறார்கள், பள்ளியில் தமிழில் படிக்கிறார்கள், கத்தோலிக்கர்கள். இவர்களுடைய குடும்ப வரலாற்றை எழுதும்போது பத்திரத்திலுள்ள இனத்தை மட்டும் எழுதினால் உள்ளதையெல்லாம் அழித்ததாகிவிடும்.

பறங்கியர் விடயம் இன்னும் தெளிவாக இதைக் காட்டுகிறது. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பிரதம நீதியரசராக இருந்த றிச்சர்ட் ஒட்லி சொன்ன வரையறை, தந்தைவழியில் ஐரோப்பியர் ஒருவர் மூதாதையாக இருந்தால் போதும், தாய் எந்த நாட்டவராயினும் சரி என்றது. 1908இல் கொழும்பில் தொடங்கிய ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் தந்தைவழி ஒல்லாந்த வம்சத்தைக் கேட்டது, தலைமுறை அட்டவணைகளைத் தன் சஞ்சிகையில் அச்சிட்டது. மட்டக்களப்புப் பறங்கியர் நிலைமை வேறு. கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628இல் கட்டினார்கள், பத்து வருடத்தில் ஒல்லாந்தர் பிடித்தார்கள். இன்றைக்கும் ஒல்லாந்தக் குடும்பப் பெயர் வைத்திருப்பவரின் வீட்டில் போர்த்துக்கேயக் கிரியோல் கேட்கும். கத்தோலிக்கர், தச்சு, இரும்பு வேலை, இயந்திர வேலை, தையல் என்று கைத்தொழிலில் பேர்போனவர்கள். தமிழ் அவர்களுடைய அன்றாட மொழி. மட்டக்களப்புக் கடற்கரையின் டச்பாரில் இருந்தவர்களைச் சுனாமி கடுமையாக அடித்தது. ஆட்களோடு ஞானஸ்நானப் பத்திரங்களும் படங்களும் போயின. அவர்கள் தேட வேண்டிய முதல் இடம் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடு. அதில் ஞானப்பெற்றோரின் பெயரும் இருக்கும், எந்தக் குடும்பத்துக்கு எது நெருக்கம் என்று அது காட்டும்.

இப்போது ஒரு பிள்ளையை எண்ணிக்கொள்ளுங்கள். தகப்பன் பறங்கி, தாய் காலிங்கா குடித் தமிழிச்சி. "பாதிப் பறங்கி, பாதித் தமிழ்" என்று ஊர் சொல்லும். இந்த மண்ணின் கணக்கில் அது சரியல்ல. பறங்கி அடையாளம் தகப்பன்வழியில் முழுதாக வருகிறது. குடி தாய்வழியில் முழுதாக வருகிறது. இரண்டும் மோதவில்லை, ஒன்று மற்றதைக் குறைக்கவில்லை. மாற்றிப் பாருங்கள்: தாய் பறங்கி, தகப்பன் தமிழன். பத்திரத்தில் பிள்ளை தமிழ். குடி கிடையாது, ஏனென்றால் தாய்க்குக் குடி இல்லை. பழைய வரையறைப்படி பறங்கியும் அல்ல. ஆனால் அம்மம்மாவின் கிரியோலைக் கேட்டு, அவருடைய பைலாவுக்கு ஆடி வளர்ந்த பிள்ளை. எந்த விதியும் கையேற்காத அந்தப் பிள்ளை தன்னைப் பறங்கி என்று சொன்னால், அதை ஏற்பதுதான் நியாயம் என்பது என் திடமான எண்ணம். விதிகள் ஆட்களைச் சேர்ப்பதற்கு உதவட்டும், தள்ளுவதற்கு வேண்டாம்.

முஸ்லிம்களைப் பற்றி எழுதும்போது தமிழர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது. மொழி தமிழ், குடிமுறை ஒன்று, சில குடிப் பெயர்களும் ஒன்று, முக்குவருக்கும் திமிலர் என்ற சாதியாருக்கும் நடந்த சண்டையில் முக்குவர் பக்கம் நின்ற முஸ்லிம்களுக்குப் பெண் கொடுத்த கதையும் இருக்கிறது, ஆகவே நீங்கள் மதம் மாறிய தமிழர்தானே என்பது. சட்டசபையில் தமிழர் பிரதிநிதியாக இருந்த பொன்னம்பலம் இராமநாதன் 1880களில் இதே வாதத்தை அரங்கேற்றினார். சட்டசபையில் முஸ்லிம்களுக்குத் தனிப் பிரதிநிதி வேண்டுமா என்ற விவாதம் சூடாக இருந்த காலம் அது. முஸ்லிம் தரப்பிலிருந்து ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் மறுப்பு எழுதினார். அதாவது அந்த வாக்கியம் தொடக்கத்திலிருந்தே சட்டசபை ஆசனத்தோடு கட்டுண்டது. அதைக் கேட்கும் முஸ்லிம் ஒருவருக்கு, "உனக்கென்று தனியாக ஒன்றும் இல்லை" என்றே அது ஒலிக்கும். 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் நடந்த கொலைகளுக்குப் பிறகு, அதே மாதம் வீரமுனையிலும் செப்டெம்பரில் சத்துருக்கொண்டானிலும் தமிழர் கொல்லப்பட்ட பிறகு, "நாமெல்லாம் ஒரே குடிதானே" என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. பொதுவாக இருப்பதைப் பொது என்று எழுதலாம். அதை வைத்து இன்னொருவருக்குப் பெயர் சூட்டும் உரிமை வராது.

முஸ்லிம் குடும்பத்தின் குடியைத் தேடுகிறவருக்கு வண்ணக்கரின் இடத்தில் மரைக்காயர் இருக்கிறார். பல ஊர்களில் பள்ளிவாசல் நிருவாகத்தில் குடிக்கு ஒரு மரைக்காயர் என்ற ஒழுங்கு இருந்தது. பள்ளிவாசல்களுக்கும் அறக்கொடைச் சொத்துகளுக்குமான 1956ஆம் ஆண்டின் வக்பு சட்டத்துக்குப் பிறகு நம்பிக்கையாளர் நியமனம் அதன் கீழ் போனது, மார்க்கச் சீர்திருத்தக் கருத்துகளும் குடியைப் பின்தள்ளின. இளையவர்களிடம் கேட்டால் தெரியாது என்பார்கள். உம்மம்மாவிடம் கேளுங்கள். கந்தூரிக்கு அந்தக் காலத்தில் அரிசியும் காசும் யார் வீட்டில் சேர்த்தார்கள் என்று கேட்டால் குடி வந்துவிடும். பழைய உறுதிகளில் சீனித்தம்பி, தம்பிக்கண்டு போன்ற பெயர்கள் தமிழருக்கும் முஸ்லிமுக்கும் இருக்கும், வயல் உடைமையாளரைக் குறிக்கும் போடியார் என்ற பட்டமும் இரு பக்கமும் உண்டு. ஆகவே பெயரைப் பார்த்து இனத்தை ஊகிக்காதீர்கள். அதே உறுதியில் மனைவியின், சாட்சியின் பெயர்களையும் பாருங்கள்.

எழுதிவைக்கும் தாள் பற்றி. ஒரு ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பெயர், அவரை அழைத்த முறை, பிறந்த ஊர் அன்றைய பெயரில், இன்றைய பிரதேச செயலகம், தாயின் பெயர், தாயின் தாயின் பெயர், குடியும் கோயிலும் அல்லது பள்ளிவாசலும், பத்திரத்தில் உள்ள இனம், அவர் தன்னைப் பற்றிச் சொன்னது, வீட்டு மொழி, மதம். பத்திரத்தில் உள்ளதையும் அவர் சொன்னதையும் ஒரே வரியில் கலக்காதீர்கள். ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் யார் சொன்னது, எந்த ஆண்டு என்று போடுங்கள். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் வையுங்கள். தெரியாத கட்டத்தை வெற்றாக விடுங்கள். தாய் யாழ்ப்பாணத்தவர் என்றால் குடி என்ற இடம் வெற்றுத்தான், தகப்பனின் குடியைத் தூக்கி அங்கே வைத்தால் அடுத்த தலைமுறையின் கணக்கு முழுவதும் பிழைத்துவிடும்.

மதம் மாறியவர், சாதி மாறி முடித்தவர், தத்தெடுக்கப்பட்டவர் என்று வீட்டுக்குள் மட்டும் தெரிந்த செய்திகள் வரும். அவற்றை எழுதலாம், தனித் தாளில், சம்பந்தப்பட்டவர் அல்லது அவருடைய பிள்ளைகள் சம்மதித்தால். உயிரோடிருப்பவர்களின் குடி, சாதி, இன விவரங்களை முகநூலில் போடாதீர்கள். கலியாணப் பேச்சிலும் தேர்தல் காலத்திலும் அவை யார் கையில் எப்படிப் பயன்படும் என்று சொல்ல முடியாது. உறுதிகளையும் சான்றிதழ்களையும் படமெடுத்து இரண்டு வேறு ஊர்களிலிருக்கும் உறவினரிடம் ஒவ்வொரு பிரதி கொடுங்கள், ஒன்றாவது கடலிலிருந்து தூரத்தில் இருக்கட்டும். வயதானவர் பேசுவதை ஒலிப்பதிவு செய்தால், கோப்பின் பெயரிலேயே அவருடைய பெயரையும் ஊரையும் திகதியையும் போட்டுவிடுங்கள். பத்து வருடத்தில் குரல் யாருடையது என்று கேட்கிறவருக்குச் சொல்ல ஆள் இருக்காது.